டீக்கனாக நிற்கச் சொல்கிறார்கள்: உண்மையில் அந்த வேலை என்ன?

இரும்புக்கடைத் தம்பி, கொட்டாஞ்சேனை

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நான் வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 44 வயது. ஊர் ஹட்டன் பக்கம். கொழும்புக்கு வந்து 21 வருடமாகிறது. பழைய சோனகத் தெருவில் ஓர் இரும்புச் சாமான் மொத்தக் கடையில் ஸ்டோர் பார்க்கிறேன். ஆணி, பிணைச்சல், பூட்டு, கம்பிவலை என்று எது எந்தத் தட்டில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் கொப்பியைத் திறக்காமலே சொல்லுவேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதான்.

நாங்கள் குடும்பமாகப் போவது ஒரு சின்ன சுயாதீன சபை. ஞாயிறு ஆராதனைக்கு 90 பேர் வரை வருவார்கள். போன மாதம் ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'வருடாந்தக் கூட்டத்தில் உங்கள் பெயரை டீக்கனாக முன்மொழியப் போகிறோம். மூன்று வருடத் தவணை. ஜெபித்துவிட்டுச் சொல்லுங்கள்' என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சரி பாஸ்டர் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

குழப்பம் என்னவென்றால், டீக்கன் என்றால் யார் என்றே எனக்குத் தெளிவில்லை. எங்கள் சபையில் இப்போது இருக்கிற நாலு பேரும் செய்வதாக நான் பார்த்தது: காணிக்கைப் பை எடுப்பார்கள், பின் அறையில் இருந்து எண்ணுவார்கள், திருவிருந்துக் கிண்ணங்களை அடுக்குவார்கள், முடிந்ததும் கழுவுவார்கள், மைக் பழுதானால் ஓடுவார்கள், கடைசியில் கதவைப் பூட்டிவிட்டுப் போவார்கள். மாதம் ஒரு கூட்டம் போட்டு வாடகை, கரண்ட் பில் பற்றிப் பேசுவார்கள்.

என் மனைவி கத்தோலிக்கக் குடும்பம். மைத்துனரின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று அவர்களுடைய கோயிலுக்குப் போனபோது ஓர் இளைஞர் இடது தோளிலிருந்து குறுக்காகப் பட்டி அணிந்து நின்றார். சுவிசேஷம் வாசித்தார், பிரசங்கம் வைத்தார், பிள்ளைக்கு ஞானஸ்நானமும் அவரே கொடுத்தார். 'சுவாமியா?' என்று கேட்டேன். 'இல்லை, தியாக்கோன்' என்றார் மாமியார். அடுத்த வருடம் அவர் சுவாமியாகிவிட்டார். கடைக்கு வரும் ஒரு வாடிக்கையாளர் அங்கிலிக்கன். அவர்களிடத்தில் டீக்கன் என்றால் வெள்ளைக் கழுத்துப்பட்டி போட்ட ஐயராம்.

ஒரே பெயருக்கு இத்தனை வேலையா? பாஸ்டர் வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். நாலைந்து தரம் வாசித்தேன். அங்கே இருப்பது விதவைகளின் சாப்பாட்டுப் பிரச்சினை. நாங்கள் சபையில் செய்கிறதுக்கும் அதுக்கும் என்ன தொடர்பு என்று பிடிபடவில்லை.

என் அப்பா தோட்டத்துக் கோயிலில் மணி அடிப்பவராக இருந்தார். காய்ச்சலோடும் போய் அடித்துவிட்டு வருவார். பொறுப்பை வாங்கினால் பாதியில் போட்டுவிட்டு வராதே என்று சொல்லி வளர்த்தவர். அதனால்தான் தெரியாமல் தலையாட்ட எனக்குப் பயம். எனக்குப் பிரசங்கமும் வராது, நாலு பேர் முன்னால் ஜெபிக்கவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவன் டீக்கனாகலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறையாசிரியர், வெள்ளவத்தை

தம்பி, உங்கள் மாமியார் சொன்னது சரி. கத்தோலிக்கப் பக்கத்தை நான் சொல்கிறேன், 16 வருடமாகப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறவன்.

எங்களிடத்தில் திருப்பட்டத்துக்கு மூன்று நிலை: ஆயர், குரு, தியாக்கோன். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் 'திருத்தொண்டர்' என்று இருக்கும், நாங்கள் இங்கே தியாக்கோன் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மூலச்சொல் கிரேக்கம், 'தியாக்கொனோஸ்': பணிவிடை செய்கிறவர். உங்கள் டீக்கனும் எங்கள் தியாக்கோனும் அந்த ஒரே சொல்லிலிருந்து வந்தவைதான்.

தியாக்கோன் நற்செய்தி வாசிக்கலாம், மறையுரை ஆற்றலாம், ஞானஸ்நானம் கொடுக்கலாம், திருமணத்தை நடத்திவைக்கலாம், அடக்கச் சடங்கு செய்யலாம், நோயாளிக்கு நற்கருணை கொண்டுபோகலாம். பூசை ஒப்புக்கொடுக்க முடியாது. பாவசங்கீர்த்தனம் கேட்க முடியாது. நோயில் பூசுதலும், அதாவது நோயாளிக்கு எண்ணெய் பூசுகிற சடங்கும், அவரால் முடியாது. நீங்கள் பார்த்த இளைஞர் குருவாகப் போகிற வழியில் இருந்தவர். அந்த இரண்டு பட்டத்துக்கும் இடையில் குறைந்தது ஆறு மாதமாவது இருக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம்.

குருவாகப் போகாமல் சாகும்வரை தியாக்கோனாகவே இருக்கிறவர்களும் உண்டு, நிரந்தரத் தியாக்கோன் என்று பெயர். முதல் நூற்றாண்டுகளில் அப்படித்தான் இருந்தது. பிறகு மேற்கே அது தேய்ந்து, குருப்பட்டத்துக்கு ஏறும் ஒரு படியாக மட்டும் நின்றுவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் அதைத் திரும்பக் கொண்டுவர வழி திறந்தது. 1967இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் விதிமுறை கொடுத்தார். மணமானவர்களும் ஆகலாம். வயது 35க்குக் குறையக்கூடாது, மனைவியின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதம் என்ற விதி எனக்கு மிகவும் பிடிக்கும். அடிக்கடி வீட்டை விட்டுப் போகிற வேலை என்று தெரிந்தே வைத்திருக்கிறார்கள்.

இனி, உங்களுக்கு உண்மையில் சொல்ல நினைத்தது. காலி வீதியில் பஸ்ஸில் போகிறவர்கள் வெள்ளவத்தையில் ஒரு தியாக்கோனின் பெயரைக் கடந்துதான் போகிறார்கள், புனித லோறன்ஸ் ஆலயம். லோறன்ஸ் உரோமையின் ஏழு தியாக்கோன்மாரில் ஒருவர். திருச்சபையின் பணமும் ஏழைகளுக்கான பங்கீடும் அவர் கையில். 258இல் வலேரியன் பேரரசன் காலத்தில் பாப்பரசர் இரண்டாம் சிக்ஸ்துவைக் கொன்ற பிறகு, திருச்சபையின் செல்வத்தையெல்லாம் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி இவருக்குக் கட்டளை வருகிறது. இருந்ததைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, அந்த ஏழைகளைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, திருச்சபையின் செல்வம் இவர்கள்தான் என்றார் என்பது மரபு. புனித அம்புரோஸ் எழுதிவைத்திருக்கிறார். ஓகஸ்ட் 10 அவருடைய திருநாள். யோசித்துப் பாருங்கள் தம்பி: கேட்ட உடனே அத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு வர முடிந்ததென்றால், ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார்கள் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும்.

என் அம்மா கடைசி மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தபோது பங்கிலிருந்த தியாக்கோன் நாள் தவறாமல் நற்கருணை கொண்டுவந்தார். பூசுதலுக்குப் பங்குச்சுவாமி வந்தார். ஒருநாள் நான் உள்ளே போனபோது அந்தத் தியாக்கோன் கட்டில் ஓரத்தில் இருந்து அம்மாவின் கைவிரல் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தார். நகம் வளர்ந்து அம்மா தன் தோலையே கீறிக்கொண்டிருந்ததை, தினமும் போய் வந்த நான் கவனிக்கவில்லை. அவர் கவனித்திருக்கிறார். வெட்டிய நகத்தையெல்லாம் ஒரு காகிதத்தில் கூட்டி மடித்து எடுத்துப் போனார்.

கறுவாத்தோட்டத்துப் பெரியவர்

அங்கிலிக்கன் முறை கத்தோலிக்க முறைக்குக் கிட்டத்தான். ஆயர் கை வைத்துத்தான் டீக்கனாக்குவார். வழக்கமாக ஒரு வருடம் அளவில் டீக்கனாக இருந்து குருவாவார்கள். அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் கொடுப்பார், பிரசங்கிப்பார். திருவிருந்தைப் பிரதிஷ்டை செய்யமாட்டார். உங்கள் வாடிக்கையாளர் சொன்னது அதைத்தான்.

உங்கள் சபையின் டீக்கன் வந்த பாதை வேறு. அது 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கல்வின் பக்கத்திலிருந்து வருகிறது. ஜெனீவாவில் 1541இல் எழுதிய சபைச் சட்டத்தில் அவர் டீக்கன்மாரை இரண்டாகப் பிரித்தார். ஒரு பகுதியினர் ஏழைகளுக்கான பணத்தைப் பொறுப்பெடுப்பார்கள், மற்றப் பகுதியினர் நோயாளிகளையும் ஏழைகளையும் நேரில் பராமரிப்பார்கள். பட்டமும் இல்லை, உடுப்பும் இல்லை, சபையாரில் ஒருவர். பப்திஸ்து சபைகளும் பல சுயாதீன சபைகளும் இதே போல சபையாரையே டீக்கனாக வைத்தன.

கொட்டாஞ்சேனையிலிருந்து உங்கள் கடைப் பக்கம் வருகிற வழியில் மேட்டில் நிற்கிறதே வுல்வெண்டால் தேவாலயம், 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்தது, அது ஒல்லாந்தரின் சீர்திருத்த சபை. அங்கேயும் மூப்பர்களும் டீக்கன்மாரும் இருந்தார்கள், ஏழைகளுக்கான பணம் டீக்கன்மார் பொறுப்பில் இருந்தது. ஆக, பை எடுப்பதும் எண்ணுவதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான். ஆனால் எண்ணிய பணம் பிறகு எங்கே போகிறது என்று பார்ப்பது அதைவிட முக்கியம்.

கணக்கு டீச்சர் (ஓய்வு)

மகன், உங்கள் கேள்வியை நேற்று இரவு வாசித்துவிட்டு நித்திரை வரவில்லை. நான் 11 வருடம் டீக்கனாக இருந்தவள். இப்போது வயது 68. இந்த வேலையில் நான் சரியாகச் செய்ததும் உண்டு, ஒரு பெரிய பிழை விட்டதும் உண்டு. இரண்டையும் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆறாம் அதிகாரம். நம்முடைய பழைய தமிழ் வேதாகமத்தில் ஓர் அருமையான சொல் இருக்கிறது, பார்த்தீர்களா? 'பந்திவிசாரணை.' வசனத்தை விட்டுவிட்டு நாங்கள் பந்திவிசாரணை செய்வது தகுதியல்ல என்று அப்போஸ்தலர்கள் சொல்லுகிறார்கள், அதற்குத்தான் ஏழு பேரைத் தெரிந்தெடுக்கிறார்கள். ஹட்டனில் நீங்கள் கலியாண வீட்டுப் பந்தியில் இருந்திருப்பீர்கள். பரிமாறுகிறவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அவர்களுக்குப் பின்னால் வீட்டுக்காரர் ஒருவர் வெறுங்கையோடு மெதுவாக நடந்து வருவார். அவர் ஆளைப் பார்ப்பதில்லை, இலையைத்தான் பார்ப்பார். 'இங்கே சோறு போடு', 'அந்த மூலையில் குழம்பு வரவில்லை' என்பார். வாய் திறந்து கேட்கக் கூச்சப்படுகிற கிழவி கடைசி வரிசையில் இருப்பாள், அவர் அவளிடம் குனிந்து ஒரு வார்த்தை கேட்பார். அதுதான் பந்தி விசாரிப்பது. டீக்கன் என்றால் அந்த மனிதர்.

பந்தி வஞ்சனை என்றும் நாம் சொல்வோம் அல்லவா? தன் ஆட்களுக்கு ஒரு மாதிரியும் மற்றவர்களுக்கு ஒரு மாதிரியும் பரிமாறுவது. எருசலேம் சபையில் நடந்தது அதுதான். இருந்தவர்கள் எல்லோரும் யூதர்கள், எல்லோரும் விசுவாசிகள். ஆனால் சிலர் எபிரெயப் பேச்சு, சிலர் கிரேக்கப் பேச்சு. தினசரிப் பங்கீட்டில் கிரேக்கம் பேசுகிறவர்களின் விதவைகள் விடுபட்டுப்போனார்கள், முறுமுறுப்பு வந்தது. வேண்டுமென்று விட்டார்கள் என்று அங்கே எழுதியில்லை. பேச்சு வேறு, பழக்கம் வேறு என்றால் தானாகவே விடுபடும்.

அப்புறம் அந்த ஏழு பேரின் பெயரைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். கடைசி ஆள் பிறப்பால் யூதரே இல்லை, அந்தியோகியாவைச் சேர்ந்தவர், யூத மார்க்கத்துக்கு மாறி வந்தவர். எந்தப் பக்கத்திலிருந்து முறைப்பாடு வந்ததோ, அந்தப் பக்கத்துப் பெயர்களாகவே இருக்கின்றன. இதை நான் ஞாயிறு பள்ளியில் பத்து வருடம் படிப்பித்தும் எனக்கு விளங்கவில்லை. 2022இல்தான் விளங்கியது.

அந்த வருடம் எப்படி இருந்தது என்று கொழும்பில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கேஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, பால்மா இல்லை. நான் அப்போது போய்க்கொண்டிருந்த சபையில் ஆங்கிலம், சிங்களம், தமிழ் என்று மூன்று ஆராதனை. நிவாரணப் பொதி கொடுக்க முடிவெடுத்தோம்: அரிசி 5 கிலோ, பருப்பு, சீனி, தேயிலை, சோயா, ஒரு சவர்க்காரம். பட்டியல் எடுக்க வட்ஸ்அப்பில் ஒரு படிவம் அனுப்பினோம், ஆங்கிலத்தில். பதிந்தவர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. கணக்குப் பார்த்தேன், ஒரு கிலோ பருப்புகூடப் பிசகவில்லை. பட்டியலின் அடியில் டீக்கன் என்று கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

மூன்றாவது ஞாயிறு, தமிழ் ஆராதனை முடிந்து படியில் இறங்கும்போது ஓர் அம்மா என் சேலைத் தலைப்பைப் பிடித்தார். குறை சொல்லவில்லை. கோபமும் இல்லை. 'டீச்சர், எங்களுக்கு எப்ப வரும்?' என்று மட்டும் கேட்டார். வரிசையில் நிற்கிறவர் கேட்கிற மாதிரி. தனக்கு முன்னால் ஆட்கள் இருக்கிறார்கள், தன் முறை வரும் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

போய்ப் பார்த்தால் 14 வீடு. எல்லாம் கால்வாயோரத் தோட்டங்களில், அதாவது நெருக்கமான குடியிருப்புகளில், ஓர் அறை, இரண்டு அறை வீடுகள். அதில் ஒன்பது விதவைகள். ஒருவரிடமும் அப்படிப்பட்ட போன் இல்லை. பதியாதவர்களுக்குத் தேவையில்லை என்று நாங்கள் கமிட்டியில் பேசி முடித்திருந்தோம். அதில் நான் ஒருத்திதான் தமிழ், நானே அதை யோசிக்கவில்லை. அந்த இரவு அதிகாரம் ஆறை எடுத்து வாசித்தபோது எழுத்து மங்கிவிட்டது.

அதுக்குப் பிறகு பட்டியலைக் கமிட்டியில் எடுப்பதை விட்டோம். தமிழ் ஆராதனைக்கு வருகிற இரண்டு பேரைக் கேட்டோம். ஒருவர் லொத்தர் சீட்டு விற்கிறவர், மற்றவர் விடியற்காலை இடியப்பம் அவித்து வீடு வீடாகக் கொடுக்கிற பெண். அந்தத் தோட்டங்களில் எந்தக் கதவுக்குப் பின்னால் யார் என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டாம் நாளே அந்தப் பெண் வந்து சொன்னார்: 'டீச்சர், நீலக் கதவு ஆச்சிக்குப் பொதி வேண்டாம். அவவிட்ட அரிசி இருக்கு, அடுப்பு எரிக்க ஒண்டும் இல்ல. சோறாக் குடுங்க.' 11 வருடத்தில் எந்தக் கூட்டத்திலும் அடுப்பு இருக்கிறதா என்று நாங்கள் கேட்டதில்லை. அந்தப் பெண் அடுத்த வருடம் டீக்கனானார். எழுதப் படிக்க அவ்வளவாக வராது. எங்களில் சிறந்தவர் அவர்தான் என்று நான் எங்கேயும் சொல்லுவேன்.

நீங்கள் கேட்டீர்கள், பிரசங்கம் வராதவன் டீக்கனாகலாமா என்று. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் மூன்றாம் அதிகாரத்தைப் பாருங்கள். கண்காணிக்கு, அதாவது சபையை நடத்துகிறவருக்கு, சொல்லும்போது போதக சமர்த்தனாக இருக்கவேண்டும், போதிக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்று கேட்கிறார். உதவிக்காரருக்கு, அதாவது டீக்கனுக்கு, அதைக் கேட்கவில்லை. இருநாக்கு இருக்கக்கூடாது, குடிப்பிரியம் இருக்கக்கூடாது, இழிவான ஆதாயத்தில் ஆசை இருக்கக்கூடாது என்கிறார். வீடு வீடாகப் போகிறவன் இந்த வீட்டுக் கதையை அந்த வீட்டில் சொன்னால் முடிந்தது. பணம் கையில் புரளுகிறவனுக்கு ஆசை வந்தால் முடிந்தது. முன்னதாக இவர்கள் சோதிக்கப்படவேண்டும் என்றும் சொல்கிறார். அதனால் பாஸ்டரிடம் மூன்று மாதம் சோதனைக்குக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

அதற்காகப் பந்தி வேலை குறைந்த வேலை என்றும் எண்ணவேண்டாம். பந்திக்குத் தெரிந்தெடுத்த ஸ்தேவான் அடுத்த அதிகாரத்தில் ஆலோசனைச் சங்கத்துக்கு முன்னால் பேசி இரத்தசாட்சியாகிறார். பிலிப்பு எத்தியோப்பிய மந்திரிக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார். நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்றீர்கள். போகப் போகப் பாருங்கள்.

நடைமுறையில் மூன்று விஷயம். காணிக்கை எண்ணும்போது ஒருபோதும் தனியே எண்ணாதீர்கள். இரண்டு பேர், அந்த இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது, எண்ணிய இடத்திலேயே இருவரும் கையெழுத்து. கசங்கிய 20 ரூபாய்த் தாளை நீவி வைக்கும்போது அது யார் போட்டது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும், தெரிந்ததை அந்த அறையிலேயே விட்டுவிடுங்கள். அடுத்தது, சில சபைகளில் டீக்கன்மார் குழு பாஸ்டரை மேய்க்கிற முதலாளிச் சபையாக ஆகிவிட்டது. வாடகை, பில், யார் பெரியவர் என்ற சண்டை. உங்களை அதற்குள் இழுத்தால் மறுத்துவிடுங்கள். மூன்றாவது, ஒரு கொப்பி வாங்குங்கள். கடைக் கொப்பி மாதிரித்தான். பெயர், கதவு அடையாளம், கடைசியாக எப்போது பார்த்தோம், என்ன சொன்னார். ஸ்டோரில் எந்தத் தட்டு காலி என்று கொப்பி திறக்காமல் சொல்லத் தெரிந்த ஆளைத்தானே பாஸ்டர் கேட்டிருக்கிறார்? அவர் யோசித்துத்தான் கேட்டிருக்கிறார், மகன்.

மட்டக்குளி அக்கா

டீச்சர், வாசித்து அழுதுவிட்டேன். ஒன்று கேட்கலாமா? எங்கள் சபையில் பெண்கள் டீக்கனாக நிற்க முடியாது என்கிறார்கள். கிண்ணம் கழுவுவது, நோயாளி வீட்டுக்குப் போவது எல்லாம் நாங்கள்தான். பெயர் மட்டும் ஆண்களுக்கு. வேதத்தில் ஆதாரம் இருக்கிறதா?

கணக்கு டீச்சர் (ஓய்வு)

இருக்கிறது, தங்கச்சி. ரோமர் 16ஆம் அதிகாரம் முதல் வசனம், பெபேயாள். கெங்கிரேயா என்ற துறைமுக ஊர்ச் சபையைச் சேர்ந்தவர். பவுல் கிரேக்கத்தில் அவருக்குப் போட்டிருக்கிற சொல் அதே 'தியாக்கொனோஸ்'. நம் பழைய மொழிபெயர்ப்பில் ஆண்களுக்கு வரும் இடத்தில் 'உதவிக்காரர்' என்றும் இவருக்கு 'ஊழியக்காரி' என்றும் போட்டதால் நமக்குத் தெரியாமல் போய்விட்டது. கத்தோலிக்கரும் நாங்களும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியத்தில் 'திருத்தொண்டர்' என்றே இருக்கிறது. வேதத்துக்கு வெளியேயும் உண்டு. கிபி 112ஐ ஒட்டி பித்தினியாவின் ஆளுநர் பிளினி பேரரசன் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் பணிவிடைக்காரிகள் என்று அழைக்கிற இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகச் சொல்கிறான்.

ஆனால் தீமோத்தேயுவில் உதவிக்காரர் பற்றிச் சொல்லும் இடத்தில் வருகிற 'ஸ்திரீகளும்' என்பது பெண் டீக்கன்மாரா, டீக்கன்மாரின் மனைவிமாரா என்று சபைகள் இரண்டு விதமாக எடுக்கின்றன. கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். கத்தோலிக்கத் திருச்சபையிலும் இது முடிந்த கதையில்லை. பாப்பரசர் பிரான்சிஸ் 2016இலும் 2020இலும் இதை ஆராய ஆணைக்குழு வைத்தார். நான் டீக்கனாக இருந்தவள், என் மனம் எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் பாஸ்டரிடம் பெபேயாளைக் காட்டிக் கேளுங்கள். சண்டையாகக் கேட்காதீர்கள், படிப்பாகக் கேளுங்கள். அவர் என்ன சொன்னாலும் நோயாளி வீட்டுக்குப் போவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

மறையாசிரியர், வெள்ளவத்தை

டீச்சர், பந்திவிசாரணை என்ற சொல் எங்கள் மொழிபெயர்ப்பில் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அடுத்த ஞாயிறு அதைச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். உங்கள் அனுமதியோடு.

இரும்புக்கடைத் தம்பி, கொட்டாஞ்சேனை

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். மறையாசிரியர் ஐயா எழுதிய மனைவியின் சம்மதம் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். 'என்னையும் கூட்டிக்கொண்டு போவதென்றால் சம்மதம்' என்றாள்.

பாஸ்டரிடம் மூன்று மாதம் கேட்டேன். சந்தோஷமாகச் சரி என்றார். கொப்பி வாங்கிவிட்டேன், 80 பக்கம். சபைக்கு வருகிறவர்களை வாங்கு வாங்காக நினைத்து எழுதிக்கொண்டு வந்தேன். கடைசி வாங்கில் சுவர் ஓரமாக ஓர் ஆச்சி இருப்பார், பிரம்புக் கூடையோடு வருவார். அவர் பெயர் எனக்குத் தெரியாது என்பது எழுதும்போதுதான் தெரிந்தது. உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு அவரைப் பார்த்த ஞாபகமும் இல்லை. யாரிடம் கேட்டாலும் 'ஓ, வரல்லயா?' என்கிறார்கள். கடைசியில் ஒரு சின்னப் பிள்ளை சொன்னாள், ஜிந்துப்பிட்டிப் பக்கம் மகளோடு இருக்கிறாராம், காலில் புண்ணாம், சீனி வியாதியாம்.

வியாழக்கிழமை கடை பூட்டியதும் நானும் மனைவியும் போகிறோம். டீச்சர், சீனி வியாதிக்காரருக்கு என்ன கொண்டுபோகலாம்? குரக்கன் மா வாங்கலாம் என்கிறாள் மனைவி.

கணக்கு டீச்சர் (ஓய்வு)

முதல் தடவை ஒன்றும் கொண்டுபோகாதீர்கள், மகன். கையில் பொதி இருந்தால் நன்றி சொல்லி வாசலிலேயே அனுப்பிவிடுவார்கள். வெறுங்கையோடு போய் உள்ளே இருங்கள். குடிக்கத் தருவதைக் குடியுங்கள். பெயரை முதலில் கேளுங்கள், பிறகு காலைக் காட்டச் சொல்லுங்கள். மருந்து கட்டுவது யார், கிளினிக்குக்கு யார் கூட்டிப்போகிறார்கள், த்ரீவீலுக்கு எவ்வளவு எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். மகளிடமும் தனியாக ஒரு வார்த்தை கேளுங்கள், அவளும் களைத்துப்போயிருப்பாள். கொப்பியை அங்கே எடுக்கவேண்டாம். வீட்டுக்கு வந்து எழுதுங்கள். எழுதிவிட்டு எனக்கும் சொல்லுங்கள்.